புதன்கிழமை பேட்ச்

“சின்ன பேட்ச்தான்” என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். சர்வர்களைக் கட்டி மேய்க்கிற இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு நான் கேட்ட பொய்களில் இதுதான் பெரிய பொய். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவர்கள், அதில் ஓட்டை இருப்பது தெரிந்ததும் அடைப்பதற்கு ஒரு துண்டு நிரலை அனுப்பி வைப்பார்கள். அதுதான் பேட்ச். சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப் போடுகிற அதே சங்கதி. அனுப்பியவர்கள் கையை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். போட்ட பிறகு எது உடைந்தாலும் போனை எடுக்க வேண்டியவள் நான்.

படாளத்தில் என் அம்மா, விசாரிக்கிறவர்களிடம் “எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கு ஒட்டுப் போட்டுகினு கீறா” என்று சொல்வார். இதற்காகவா காலேஜுக்கு அனுப்பினாய் என்று உறவில் சிலர் கேட்டதும் உண்டு. நான் திருத்தப் போனதில்லை. என் வேலையை இதைவிடச் சரியாக என் மேனேஜர்கூடச் சொன்னது கிடையாது.

நாவலூரில் ஒரு கட்டடத்தின் பின்பக்க மாடியில் எங்கள் அலுவலகம். முன்பக்கத்தில் கண்ணாடி போட்ட பெரிய கம்பெனிகள். எங்களுக்கு ஜெனரேட்டர் சத்தமும் கேன்டீன் வாசனையும். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் சின்ன ஆட்கள். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரமாக லாட்ஜ் வைத்திருப்பவர்கள், வீட்டின் ஓரிரு அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடக்காரர்கள், திருப்போரூரில் மனை விற்கிறவர்கள். அவர்களுடைய இணையதளங்கள் எங்கள் சர்வர்களில் குடியிருக்கின்றன. எந்த சர்வர் ஓடுகிறது, எது படுத்துவிட்டது, எதில் இடம் நிரம்பிவிட்டது என்று ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் இருக்கிறது. நாங்கள் அதை ‘பேனல்’ என்போம்.

வாங்கி வந்தபோது பேனல் முழுக்க ஆங்கிலம். வாடிக்கையாளர்களுக்கும் அதில் ஒரு சின்னத் திரை உண்டு. தங்கள் தளத்தை அவர்களே திறக்கலாம், மூடலாம், நின்றுபோனால் மறுபடி கிளப்பலாம். ஆனால் ஒருவரும் அந்தப் பக்கமே போகவில்லை. எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் போன் வந்தது. என் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அண்ணன்தான் அதைப் பிரித்துத் தமிழாக்கினார். இந்த வேலைக்கு வருவதற்கு முன் செங்கல்பட்டில் டிடிபி சென்டர் வைத்து, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துக்கொண்டிருந்தவர். அதனால் பட்டன்களில் எழுத்து போஸ்டர் அளவுக்கு இருக்கும். ‘கடையைத் திற’, ‘கடையை மூடு’ என்று இரண்டு. மூன்றாவது, ‘மக்கர் பண்ணுதா? இங்க அழுத்து’. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, “இது ஆபீஸா, ஆட்டோ ஸ்டாண்டா?” என்று கேட்டார். ஆனால் அதற்கப்புறம் போன் வருவது பாதியாகக் குறைந்துபோகவே, அவரும் வாயை மூடிக்கொண்டார்.

அந்தத் திரையை எல்லோரையும்விட நன்றாகப் பிடித்துக்கொண்டவர் மாமல்லபுரத்தில் இருக்கும் ஓர் அக்கா. கடற்கரையை ஒட்டி வீடு. மாடியில் வெளியூர்க்காரர்கள் தங்குகிற அறைகள், கீழே அவர்களுக்குச் சமையல். வீட்டுக்காரர் சுற்றுலா வேன் ஓட்டுவதால் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அக்காவின் பெற்றோர் படாளம் பக்கத்து வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள் என்று தெரிந்த பிறகு, என்னிடம் அவருக்கு ஓர் உரிமை வந்துவிட்டது. எங்கள் வீட்டு வயலிலும் அவர்கள் குனிந்திருக்கலாம். அதை இருவருமே சொல்லிக்கொண்டதில்லை. அவர் அதட்டினால் நான் கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான்.

பேனல் ஆங்கிலத்தில் இருந்த காலத்தில், அறைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் அக்காவின் தளத்தைக் கவனித்துக்கொண்டது அவருடைய கொழுந்தன். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, யாருக்கு எந்த அறை என்பதெல்லாம் அந்த ஆள் கையில். தன் சிநேகிதர்களைச் சும்மா தங்கவைத்துவிட்டு, அண்ணியிடம் சமையலுக்கு மட்டும் ஆள்கணக்கு சொல்லுவான். “என் வூட்ல ரூம்பு காலியா கீதா இல்லியான்னு நான் அவனுக்குப் போன் போட்டுக் கேக்கணும். இன்னா கொடுமைம்மா இது?” என்று அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டார். தமிழ்த் திரை வந்த வாரத்திலேயே பாஸ்வேர்டை மாற்றித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு அவரே முதலாளி.

இனி பேட்ச் கதைக்கு வருகிறேன். அண்ணன் தமிழைத் தனியாக எழுதவில்லை. மென்பொருள்காரர்கள் கொடுத்த மூல ஃபைல்களுக்குள்ளேயே கைவைத்து, ஆங்கிலத்தை அழித்துத் தமிழை எழுதியிருந்தார். அந்த ஃபைலுக்கு ஒரு பேட்ச் வந்தால் புது ஃபைல் வந்து பழையதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், தமிழ் போய்விடும். ஒருமுறை அப்படித்தான் ஆனது. காலையில் போட்ட பேட்ச் எல்லாத் திரைகளையும் பழைய ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அன்று வந்த போன்களில் என் காது சூடாகிவிட்டது. மாமல்லபுரத்து அக்கா, “என்னாத்தம்மா நோண்டி வெச்ச? அவன் வாசல்ல வந்து நின்னுகினு சிரிக்கிறான்” என்று கத்தினார். சாயங்காலத்துக்குள் அண்ணன் தமிழை மீட்டுக்கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு பேட்ச் போடுவதற்கு எங்களுக்கென்று ஒரு சாஸ்திரமே உருவானது. சனி, ஞாயிறு கூடாது. கடலோரத்தில் ஆட்கள் வந்து இறங்குகிற நாள். கிருத்திகை அன்றைக்குக் கூடாது. திருப்போரூர் கோயில் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு பாதிப் பேர் ஆபீஸ் வந்து சேரவே மதியமாகிவிடும். வெள்ளிக்கிழமை போட்டுவிட்டு லீவு நாளில் மாட்டிக்கொள்ள உலகத்திலேயே எவனும் துணியமாட்டான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பதால், மிஞ்சிய நாட்களில் புதன்கிழமை காலையைப் பிடித்துக்கொண்டோம், டிபனுக்குப் பிறகு. நான் தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் பேட்ச் போடுவேன் என்று முன்பக்கத்துக் கம்பெனிப் பசங்கள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். புதன்கிழமை போட்ட எந்த பேட்சும் அதற்கப்புறம் தமிழை அழிக்கவில்லை. திரையில் பச்சை டிக் வரும், பதிப்பு எண் ஏறும், நானும் டீ குடிக்கப் போவேன். நம் கைராசி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசி மழையில் அந்த நினைப்பில் மண் விழுந்தது. எங்களிடம் இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளரான ஒரு ரிசார்ட், எங்கள் சர்வர்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்க வெளியாட்களை அமர்த்தியது. அவர்கள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே புகுந்து தளங்களைக் கலைத்துப் போடலாம் என்கிற அளவுக்கு ஓட்டை. அதை அடைக்கிற பேட்ச் எப்போதோ வந்துவிட்டது. நான்தான் போட்டிருந்தேன். பதிப்பு எண்ணும் அப்படித்தான் சொன்னது. “பச்சை டிக் வந்துச்சு சார்” என்று மேனேஜரிடம் சத்தமாகவே சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது.

ஓட்டை இருந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். வருஷக்கணக்கில் யாரும் தொடாத பழைய ஃபைல். பேட்ச் அதைத் தொடவே இல்லை. தொட முடியாதபடி யாரோ அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். அது மட்டுமல்ல, தமிழ் எழுதியிருந்த ஒவ்வொரு ஃபைலும் பூட்டு. மின் கணக்கெடுக்க வருகிறவர் கதவு பூட்டியிருந்தால் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவாரே, அதே மாதிரி ஒவ்வொரு பேட்சும் வந்து பார்த்து, பூட்டைக் கண்டு திரும்பி, எண்ணை மட்டும் ஏற்றிவிட்டுப் போயிருந்தது. என் புதன்கிழமைகள் அத்தனையும் வீண்.

நான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, பூட்டினது நீங்களா?”

“பூட்டாம இன்னா பண்ணச் சொல்ற? அன்னிக்கு எத்தினி போனு வந்துச்சு, மறந்துட்டியா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் பைத்தியக்காரி மாதிரி வாராவாரம் போட்டுகினு இருந்தேன்!”

“சொன்னா நீ தொறந்துடுவ. தொறந்தா தமிழு போயிடும். அது போனா நான் எதுக்கும்மா இங்க உக்காந்துகினு கீறேன்?”

நான் என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் அப்படியேதான் இருந்தது. அன்று மதியம் நாங்கள் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மேனேஜர் எங்களைத் திட்டவில்லை; அதுதான் பயமாக இருந்தது. ஓட்டையின் வாசலைத் தற்காலிகமாக வெளியிலிருந்து அடைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார். “வருஷம் முடியறதுக்குள்ள விட்டுப்போன பேட்ச் எல்லாம் நிஜமாவே ஏறணும். கஸ்டமர் ஒருத்தருக்குக்கூட தளம் நிக்கக்கூடாது. ஒருத்தருக்கு நின்னாலும் நாம வெளிக் கம்பெனியோட ரெடிமேட் சர்வீஸுக்கு மாறிடலாம். பேட்ச் தொல்லையை அவங்களே பாத்துக்குவாங்க.” ரெடிமேட் சேவையில் தமிழ் கிடையாது. நாங்களாக எழுதிக்கொள்ளவும் விடமாட்டார்கள். அதாவது மாமல்லபுரத்து அக்கா மறுபடியும் கொழுந்தனுக்குப் போன் போட்டு, தன் வீட்டில் அறை காலியா என்று கேட்க வேண்டும். எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அதை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் நான்தான் இறங்கிப் போய் அண்ணனுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தேன். அவர் குடித்துவிட்டு, “தமிழு போவாம பேட்ச் ஏறணும், அவ்ளோதானே?” என்றார். சண்டை அதோடு முடிந்தது. உண்மையான சர்வருக்கு நகலாக ஒன்றைத் தயார் செய்து, அதில் விளையாடிப் பார்த்தோம். பேட்ச்களை மொத்தமாக அள்ளிப் போட முடியாது. முன்னது ஏறியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பின்னது எழுதப்பட்டிருக்கும். ஆகவே பூட்டைத் திறந்து, மூல ஃபைல்களைப் பழையபடி வைத்து, வந்த வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் மறுபடி தமிழ் எழுத வேண்டும். நாலைந்து பேட்ச் போனதும் அவருக்குக் கழுத்து வலி கண்டது, எனக்கு நம்பிக்கை போனது.

அப்போதுதான் அந்த மென்பொருளோடு வந்த கையேட்டைப் படித்தேன். வாங்கியதிலிருந்து யாரும் திறக்காத கையேடு. சொந்த மாற்றங்களை வைத்துக்கொள்ள அவர்களே ஒரு தனி ஃபோல்டர் கொடுத்திருந்தார்கள். அதில் எதை எழுதினாலும் பேட்ச் தொடாது. பேனல் முதலில் அங்கே பார்த்துவிட்டுத்தான் மூல ஃபைலுக்கே போகும். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரைக்கு முன்னால் நின்று படித்தார்.

“இத்தினி வருசமா இது இங்கியேவா கீது?”

“இங்கியேதான்ணா.”

“த்தூ, நம்ம பொயப்பு” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் சிரிப்பைக் கேட்டு மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தமிழ் முழுவதும் அந்த ஃபோல்டருக்குக் குடிபோனது. பேட்ச்கள் நகல் சர்வரில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. ஒன்று மட்டும் மக்கர் செய்தது. அதைப் போட்டதும் ‘கடையை மூடு’ பட்டன் பச்சையாக மாறும், ஆனால் கடை மூடாது. யார் எதை அழுத்தலாம் என்ற அனுமதியை அந்த பேட்ச் இறுக்கியிருந்தது. புது முறைப்படி வாடிக்கையாளர்களுக்கு அனுமதி எழுதிக் கொடுத்த பிறகு சரியானது. நாங்கள் அழுத்தினால் வேலை செய்கிறது. அவர்கள் அழுத்தினால் செய்யுமா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்போரூரில் பஸ் ஏறி, பூஞ்சேரி வழியாக மாமல்லபுரம் போனேன். மழை விட்டிருந்தது, கடல் இன்னும் கலங்கல். அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நகல் திரையை அவர் போனில் போட்டுக்கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திறந்தார், மூடினார், மக்கர் பட்டனை அழுத்தினார். எல்லாம் நடந்தது.

“பழைய மாரிதானே கீது? இதுக்கா இம்மாந்தூரம் வந்த?”

“பழைய மாரி இருக்கணும்னுதான்க்கா வந்தேன்” என்று விஷயத்தைச் சொன்னேன். ரெடிமேட் சேவையையும் மறைக்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டு மறுபடி மீனை எடுத்தார். பிறகு, “இங்கிலீசுல வந்தா நானும் கத்துக்குவேன். அதுக்குள்ள அவன் வந்து குந்திக்குவான். அதான் பயம்” என்றார். அப்படிச் சொன்ன வேகத்திலேயே என்னைச் சாப்பிட உட்காரவைத்தார். அந்தக் குழம்பின் காரம் பஸ்ஸிலும் என்னோடு வந்தது.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை. கிருத்திகை இல்லை என்று பார்த்துக்கொண்டேன். கடலோரத்தில் சீசன் களைகட்டிவிட்டது. தள்ளிப்போட்டால் வருஷமே முடிந்துவிடும். டிபனுக்குப் பிறகு அண்ணன் ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார். நான் பேட்ச்களை வரிசையாக ஏற்றினேன். இந்தத் தடவை பச்சை டிக்கை நம்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஃபைலைத் திறந்து உள்ளே மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். மாறியிருந்தது. தமிழ் அப்படியே இருந்தது. ரிசார்ட் அமர்த்திய ஆட்கள் சோதித்துவிட்டு, ஓட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

மேனேஜர் வாடிக்கையாளர்களின் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் நின்றார்.

“மாமல்லபுரத்தம்மாவோடது மூடியிருக்கே?”

நான் எழுந்து அவர் திரைக்கு ஓடினேன். சீசன் உச்சத்தில் எந்த வீட்டுக்காரரும் மூடமாட்டார். காலையில் பேட்ச் தொடங்கும்போது திறந்துதான் இருந்தது, நானே பார்த்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அண்ணன், “பழசத் திருப்பிப் போட்டுடலாமா?” என்றார். திருப்பிப் போட்டால் ஓட்டையும் திரும்பி வரும். ரெடிமேட்டைத் தவிர வேறு வழியே இருக்காது.

அந்த நேரம் பார்த்து அலுவலக எண்ணுக்கு அந்தக் கொழுந்தன் கூப்பிட்டான். “எங்க அண்ணி வூட்டு சைட்டு மூடிகினு கீது. இன்னாத்த நோண்டினீங்க? என் ப்ரெண்டு ரூம்பு கேட்டுகினு கீறான். அண்ணிக்கு இதெல்லாம் தெரியாது. பாஸ்வேர்ட என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்.” பேசும் தோரணையிலேயே அவன் சிரிப்பது தெரிந்தது. வைத்துவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் வைத்தது என் வாழ்நாள் பொறுமை.

என் போன் அடித்தது. அக்கா. மேனேஜர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, உங்க சைட்டு மூடியிருக்கு. பட்டன் எதாவது மக்கர் பண்ணுதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான்மா மூடுனேன்.”

“நீங்களா? சீசன்லயா?”

“ஆமா. எம் பொண்ணு செங்கல்பட்டு ஆஸ்டல்லேர்ந்து பரீச்ச முடிச்சுகினு வந்து கீறா. கடலப் பாத்த ரூம்புல ஒரு நாளாவது படுக்கணும்னு ரொம்ப நாளா அதுக்கு ஆசை. எப்பவும் யாராவது வந்துடுவாங்க. இன்னிக்கு மெத்தைல நல்ல பெட்சீட்டு போட்டு வுட்டேன், தூங்கினு கீறா. அதான் போன எடுக்கல, சத்தத்துல முயிச்சிக்கும்.”

மேனேஜர் குனிந்து போனிடம் கேட்டார். “ஏம்மா, ஃபுல் சீசன்ல யாராவது மூடுவாங்களா? எவ்வளவு பேர் வந்து திரும்பிப் போவாங்க?”

“போவட்டும் சார்” என்றார் அக்கா. “என் வூடு. நான் தொறப்பேன், நான் மூடுவேன்.”